கூட்டாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள்

இப்போதும் யாராவது மைக்கைப் பிடித்து 'பார்ட்னர்ஷிப்' என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. முகத்திலேயே தெரிந்துவிடுகிறது என்று என் கணவர் சொல்கிறார். தெரியட்டும். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். புசா ரோட்டில் இருந்த தமிழ்ப் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததால் எனக்குத் தமிழ் ஒழுங்காக எழுதப் படிக்க வரும். என்னோடு காலனியில் விளையாடிய பலருக்கு வராது. அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு பல வருடங்களாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், தடுப்பூசி விளம்பரம், கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொல்வது, எது வந்தாலும் செய்வேன்.

அப்படித்தான் அந்தத் தொண்டு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. பெண்கள் தங்கள் உடம்பைத் தாங்களே கவனித்துக்கொள்ளப் பழக்கும் திட்டம் என்றார்கள். பணம் தருவது ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை. சோதனைக் கருவி தருவது ஒரு கம்பெனி. ஏதாவது தெரியவந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட இன்னோர் அமைப்பு. நால்வரும் கூட்டாளிகள். பெண்களுக்குக் கொடுக்க ஒரு கையேடு தயாரித்தோம்; அட்டையில் நாலு முத்திரையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அதை அவர்கள் பலமுறை திருப்பி அனுப்பினார்கள். உள்ளே நான் எழுதியிருந்த தமிழை யாரும் பார்க்கவில்லை.

வேலை ஜங்புராவில், மதராசி கேம்ப் என்கிற குடிசைப் பகுதியில். பாரபுல்லா வடிகாலை ஒட்டி அரசு நிலத்தில் வரிசை வரிசையாக வீடுகள். பெரும்பாலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்கள். பெண்கள் சுற்றுவட்டாரத்து வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்பவர்கள். இந்தி சரளமாகப் பேசுவார்கள். ஆனால் கர்ப்பப்பை, வெள்ளைப்படுதல் என்று இந்தியில் பேச்சு வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்காகத்தான் நான்.

சோதனை இதுதான். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. டாக்டர் முன்னால் படுக்க வேண்டியதில்லை. சின்ன பிரஷ் வைத்த ஒரு குச்சியைப் பெண்களே உள்ளே வைத்துச் சுற்றி எடுத்து, குப்பியில் போட்டுக் கொடுத்துவிடலாம். நல்ல சோதனை. கூச்சத்தாலும் நேரமில்லாததாலும் ஆஸ்பத்திரிக்கே போகாத பெண்களுக்கு வரப்பிரசாதம். இதைச் சொல்லாமல் என் கோபத்தை மட்டும் சொன்னால் தப்பாகிவிடும்.

முதல் கூட்டம் மகளிர் குழுத் தலைவி வீட்டில் நடந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜங்புராவில் சில வீடுகளில் சமையல். கேம்பில் எல்லோரும் பாதிக் கேலியாகவும் பாதி மரியாதையாகவும் அவரைத் 'தலைவி' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் சுய பராமரிப்பு என்று ஆரம்பித்ததும் தலைவி குறுக்கே வந்தார். "அதென்னாக்கா பராமரிப்பு? நாங்க வேல செய்யற ஃபிளாட்டுல லிஃப்டுக்குப் பண்ணுவாங்களே, மெயின்டனன்ஸு, அதா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"உங்க உடம்ப நீங்களே பாத்துக்கறதுன்னு அர்த்தம்மா."

"நாங்களே பாத்துக்கிட்டா டாக்டரு எதுக்கு? அவரு யாரப் பாப்பாரு?"

இதை நான் திட்ட மேலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். முப்பது வயதுப் பெண். நல்ல சுறுசுறுப்பு, நல்ல சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டு, இந்தியில் நேரடியாகவே பதில் சொன்னாள். "நீங்கள் சோதனையை மட்டும் செய்யுங்கள். ஏதாவது தெரிந்தால் பிறகு எல்லாம் எங்கள் பொறுப்பு. டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து, எல்லாவற்றுக்கும் எங்களிடம் பார்ட்னர்கள் இருக்கிறார்கள். உங்களைத் தனியாக விட மாட்டோம்."

அதைத் தமிழிலும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பெண்கள் கவனமாகக் கேட்டார்கள்.

சோதனை நாளன்று தலைவி வீட்டுக்குள் புடவையைக் கட்டி மறைத்து, ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். முதலில் ஒரே கூச்சம். தலைவிதான் முதலில் போனார். வெளியே வந்து, "ஏ, ஒன்னுமில்லடி. காது கொடையறாப்பலதான். ஜல்தி போய்ட்டு வாங்க" என்றார். அதற்கப்புறம் ஒரே சிரிப்பும் கேலியும். வீடியோ எடுக்க வந்திருந்தவர்கள் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கேமரா முன்னால் தலைவியை நிறுத்தி ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். "என் உடம்ப நானே பாத்துக்குவேன்" என்றார். சொல்லிவிட்டு வெட்கத்தில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

குப்பிகள் போய்விட்டன. முடிவு வருவதற்குள் கேம்ப் போய்விட்டது.

இடிப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வழக்கு நடந்து, கோர்ட் உத்தரவு வந்து, சுவர்களில் நோட்டீஸும் ஒட்டியாயிற்று. திட்டக்காரர்களுக்கும் தெரியும். அந்த நோட்டீஸ்களைத் தாண்டித்தான் அவர்கள் கேமராவோடு உள்ளே வந்தார்கள். புல்டோசர் வந்தபோது தலைவி குடும்பம் பீரோவையும் கேஸ் சிலிண்டரையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தது. தகுதி உண்டு என்று ஏற்கப்பட்டவர்களுக்கு நரேலாவில் ஃபிளாட். நகரத்தின் வடக்குக் கோடி. தகுதி இல்லை என்று ஆனவர்கள் வாடகைக்கு எங்கெங்கோ போனார்கள், சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். தலைவிக்கு ஃபிளாட் கிடைத்தது. ஆனால் நரேலாவிலிருந்து காலைச் சமையலுக்கு ஜங்புரா வந்து சேர முடியுமா? எல்லா வீட்டு வேலையும் போயிற்று.

அப்புறம் ஒருநாள் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மகனின் போனுக்கு வந்த ஆங்கிலக் குறுஞ்செய்தியைத் தலைவி தன் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கூடவே குரல் பதிவு. "அக்கா, இது என்னான்னு பாருங்க. பையன் ரெண்டு நாளா எங்கூடப் பேசல."

செய்தியில் இரண்டே வரி. ஆபத்தான வகை வைரஸ் இருப்பது தெரிகிறது, உங்கள் மருத்துவச் சேவையாளரை அணுகவும். அவ்வளவுதான். எந்த மருத்துவச் சேவையாளர்? எங்கே?

போனில் கூப்பிட்டுப் பேசினேன். செய்தி வந்த போன் அவருடைய மூத்த மகனுடையது; பதிவில் அவன் நம்பரைத்தான் எழுதியிருந்தார்கள். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவனுக்கு. ஆங்கிலம் ஓரளவு தெரியும். செய்தியைப் படித்திருக்கிறான், இணையத்தில் தேடியிருக்கிறான், உடலுறவால் பரவும் வைரஸ் என்று வந்திருக்கிறது. அதோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

"நான் என்னாக்கா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார் தலைவி. அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு தப்பும் இல்ல. கல்யாணம் ஆன யாருக்கு வேணும்னாலும் வரும். இது கேன்சர் இல்ல. டாக்டர் பாத்தாதான் உள்ள ஏதாவது மாறியிருக்கான்னு தெரியும். பையன்கிட்ட போனக் குடுங்க."

மகனிடம் பேசினேன். இது பெரும்பாலானவர்களுக்கு எப்போதோ வந்து தானே போய்விடுகிற வைரஸ் என்று விளக்கினேன். "அது எப்ப வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க அப்பாகிட்டேருந்து கூட வந்திருக்கலாம். அம்மாவத் தப்பா நெனைக்காதப்பா" என்றேன். "அச்சா, ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னான்.

இந்தப் பேச்சை யார் பேசியிருக்க வேண்டும்? நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய விஷயத்தை அவள் மகன் கையிலிருக்கும் போனுக்கு, அவளுக்குத் தெரியாத மொழியில் அனுப்பிவிட்டு, அதற்குச் சுய பராமரிப்பு என்று பெயர் வைத்தவர்கள் எங்கே போனார்கள்?

மேலாளரைக் கூப்பிட்டேன். அவள் குரலில் உண்மையான சந்தோஷம். "அச்சா! கண்டுபிடித்துவிட்டோம் பார்த்தீர்களா? இதற்குத்தான் இந்தத் திட்டமே!"

"சரி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?"

"அது எங்கள் வேலை இல்லை. அதற்குப் பார்ட்னர் இருக்கிறார்களே."

அந்த அமைப்பில் பேசியவர் மிகவும் மரியாதையானவர். அந்தப் பெண்ணின் முகவரி ஜங்புரா, அங்கே இருக்கும் டிஸ்பென்சரியோடுதான் எங்களுக்கு ஒப்பந்தம், நரேலா வேறு மாவட்டம், அங்கே நாங்கள் இன்னும் போகவில்லை என்றார். "அவரும் ஜங்புராவில்தான் இருந்திருப்பார், வீட்டை இடித்துவிட்டார்களே" என்றேன். "புரிகிறது மேடம், ஆனால் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார். கருவி கம்பெனியில் ஓர் ஆள், கருவி சரியாக வேலை செய்திருக்கிறது என்பதை எனக்கு உறுதிப்படுத்தினார். நான் அதைக் கேட்கவே இல்லை.

இப்படியே வாரங்கள் ஓடின. நான் கூப்பிடுவேன், அவர்கள் 'பார்க்கிறோம்' என்பார்கள். தலைவி என்னைக் கூப்பிடுவார், நான் 'கேட்டிருக்கேன்' என்பேன். ஒருநாள் அவர் குரலைத் தாழ்த்தி, "நடுவுல நடுவுல லேசா ரத்தம் படுதுக்கா. வயசு காரணமா இருக்கும்" என்றார். அன்று மறுபடியும் மேலாளரைக் கூப்பிட்டேன். 'பார்க்கிறோம்' என்றாள்.

அந்த நிலையில்தான் மாநாடு வந்தது. திட்டத்தின் முதல் கட்டம் முடிந்ததைக் கொண்டாட ஒரு நட்சத்திர ஹோட்டல். தமிழ்நாட்டிலிருந்து பார்வையாளர்களாக வந்த, வேறு அமைப்புகளின் சில களப்பணியாளர்களுக்குப் பேச்சை மாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹாலுக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு பேனரில், ஆள் உயரத்துக்கு மேல் தலைவியின் முகம். வாயைப் பொத்திச் சிரிக்கிற அதே படம். கீழே அவர் சொன்ன வரி ஆங்கிலத்தில். அதற்கும் கீழே நாலு முத்திரை, ஒரே அளவில்.

எனக்கான இருக்கையைத் தேடிப் போய் உட்கார்ந்தேன்.

அறக்கட்டளைக்காரம்மா பேசினார். ஏழை நாடுகளில் டாக்டர்கள் குறைவு, ஆகவே மக்களே தங்கள் ஆரோக்கியத்தின் சொந்தக்காரர்களாக வேண்டும், யாரும் தனியாக இதைச் செய்ய முடியாது, கூட்டுறவே வழி என்றார். வீடியோ ஓடியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் காதில் மாட்டிய கருவியோடு இதையெல்லாம் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் தொழில்.

டீ இடைவேளையில் மேலாளர், மரியாதைக்கார ஆள், கம்பெனி ஆள் மூவரும் சமோசாத் தட்டோடு ஒன்றாக நின்றிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி அறக்கட்டளைக்காரம்மா. நான் நேரே போய் நின்றேன்.

"பேனரில் இருக்கிறாரே, அந்தப் பெண்ணுக்கு வைரஸ் இருக்கிறது. வாரக்கணக்கில் டாக்டருக்காகக் காத்திருக்கிறார். உங்களில் யார் பார்ப்பது?"

மேலாளர் என் கையை மெதுவாகத் தொட்டாள். "இதை நாம் அப்புறம் தனியாகப் பேசலாம்."

"தனித்தனியாகத்தான் இதுவரை பேசினேன். நீங்கள் அவரைச் சொன்னீர்கள், அவர் மாவட்டத்தைச் சொன்னார். இன்றைக்கு எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறீர்கள்."

"ரெஃபரல் என்பது ஒரு பெரிய பிராசஸ்..." என்று மரியாதைக்காரர் ஆரம்பித்தார்.

நான் போனை எடுத்து நரேலாவுக்கு அடித்தேன். தலைவியே எடுத்தார். "ஒரு நிமிஷம், மேடம் பேசறாங்க" என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு மேலாளர் கையில் கொடுத்துவிட்டேன்.

மேலாளர் வேறு வழியில்லாமல், "எப்படி இருக்கிறீர்கள் தீதி?" என்று, அக்கா முறை வைத்து, இந்தியில் கேட்டாள்.

மறுமுனையில் அவ்வளவு பரபரப்பு. "நமஸ்தே மேடம்! நல்லா இருக்கிறேன். டாக்டர் கிடைத்துவிட்டாரா? எந்த ஆஸ்பத்திரி? எத்தனை மணிக்கு வர வேண்டும்? நான் வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?"

கம்பெனி ஆள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளரின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம் தீதி. கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள். அறக்கட்டளைக்காரம்மா என்ன விஷயம் என்று கேட்க, மேலாளர் "சின்ன ஃபாலோ-அப்" என்றாள். பிறகு மணி அடித்தது, எல்லோரும் உள்ளே போனார்கள். பேனரில் தலைவி சிரித்துக்கொண்டே இருந்தார்.

நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல கெளம்பி ஐ.என்.ஏ. மெட்ரோ ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. நானும் வரேன். நாமளே போவோம்" என்றேன்.

"அவங்க வரலியாக்கா?"

"இல்லம்மா."

மறுநாள் மகன் பைக்கில் கொண்டுவந்து மெட்ரோவில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். பக்கத்திலிருந்த பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பெண்கள் பிரிவில் உட்கார்ந்து, மதியம் ஆகும்போது உள்ளே கூப்பிட்டார்கள். இளம் டாக்டர். கண்ணில் தூக்கமில்லை. வெளியே அத்தனை கூட்டம். குறுஞ்செய்தியைக் காட்டினேன்.

"இது ரிப்போர்ட்டா? எஸ்.எம்.எஸ். யார் உங்களை நீங்களே டெஸ்ட் பண்ணச் சொன்னது? எதையாவது குத்திக்கொண்டு இங்கே வந்து நிற்கிறார்கள்" என்று இந்தியில் கத்தினார். முதலிலிருந்து எல்லாச் சோதனையும் மறுபடி எடுக்க வேண்டும், தேதி வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்.

தலைவி தலை குனிந்துகொண்டார். ஒரு மேடையில் அவர் தன் உடம்பின் சொந்தக்காரி, இங்கே அதே காரியத்துக்குக் குற்றவாளி. "அவரைத் திட்டாதீர்கள் டாக்டர். பெரிய பெரிய அமைப்புகள் சொல்லித்தான் செய்தார். நடுவில் உதிரம் படுகிறது, அதையாவது கேளுங்கள்" என்று நானும் குரலை உயர்த்திவிட்டேன். வாசலில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒரு மலையாள நர்ஸ் உள்ளே வந்தார். நடுத்தர வயது. வெளியே காத்திருந்தபோது நாங்கள் பேசிய தமிழ் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "சேச்சி, வெளிய உக்காருங்கோ. ஞான் பேசறேன்" என்றார். உள்ளே என்ன பேசினாரோ, உதிரப்போக்கு என்றால் காத்திருக்க வைக்கக் கூடாது என்று டாக்டரே பிறகு ஒப்புக்கொண்டார். அன்றைக்கே லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தலைவி வெளியே வந்து என் தோளில் சாய்ந்துகொண்டார். "கெட்டியா கையப் புடிச்சிருந்தாங்க அந்தம்மா" என்றார்.

புற்றாக மாறவில்லை. மாறுவதற்கு முந்தின நிலை. இன்னொரு நாள் வரச் சொல்லி, அந்தப் பகுதியை மட்டும் சின்ன சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டார். மகனே வந்து அழைத்துப் போனான். மூத்த டாக்டர் ஒருவர், "சரியான நேரத்தில் வந்தீர்கள்" என்று பாராட்டினார். அதைக் கேட்டு எனக்கு எரிந்தது. நாங்கள் வந்தோமா? ஒரு மொழிபெயர்ப்பாளருக்குக் கோபம் வந்தது, ஒரு நர்ஸுக்குத் தமிழ் புரிந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால்?

சில நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டாள். எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. "ரொம்ப சந்தோஷம்! இதை ஒரு வெற்றிக் கதையாக எழுதலாம் என்று நினைக்கிறோம். சோதனையிலிருந்து சிகிச்சை வரை முழுச் சுற்றும் முடிந்திருக்கிறது. நீங்கள்தான் தமிழில் எழுத வேண்டும்."

"எந்தச் சுற்று? நீங்கள் யாரும் வரவில்லையே."

"நீங்கள் எங்கள் கன்சல்டன்ட்தானே. ஒருவகையில் எங்கள் மூலமாகத்தானே போனார்?"

அவள் கெட்டவள் இல்லை. அதை நம்பித்தான் சொன்னாள், அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. "நான் என் மற்ற வேலையை விட்டுவிட்டுப் போனேன். எழுத மாட்டேன். அவர் படத்தையும் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து எனக்கு வேலை வரவில்லை.

தலைவியிடம் இதைச் சொன்னபோது அவர் படத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "அது கெடக்கட்டும். எனுக்கு வந்த மாதிரி இன்னும் யாரு யாருக்கு மெசேஜ் வந்துச்சோ? இங்கிலீஷ்ல வந்தா அழிச்சிட்டுப் போயிருப்பாங்க" என்றார். எனக்குத் தோன்றவில்லை அது. வெட்கமாக இருந்தது.

நரேலாவில் அவர்கள் இருக்கிற கட்டடங்களில் மாடி மாடியாக ஏறிக் கேட்டார். அன்று புடவைத் திரைக்குப் பின்னால் போய் வந்த பெண்கள் எல்லாரிடமும். சிலருக்கு ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. இரண்டு பேருக்கு அவருக்கு வந்த அதே செய்தி. ஒருத்தி அதை ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்திருந்தாள். அவர்களைத் தலைவியே மெட்ரோவில் அழைத்து வந்து, அந்த மலையாள நர்ஸைத் தேடிப் பிடித்துக் காட்டினார். என்னைக் கூப்பிடவில்லை. முடிந்த பிறகுதான் சொன்னார். நர்ஸும் சலித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாராம். அந்த இருவருக்கும் பயப்படும்படி ஒன்றுமில்லை, வருடா வருடம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருத்தி மட்டும் கிடைக்கவில்லை. கேம்பில் அவர்களுக்குப் பின் வரிசையில் இருந்த இளம்பெண். ஃபிளாட்டுக்குத் தகுதி இல்லை என்று ஆனதும் குழந்தைகளோடு கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டாள். எந்தக் கிராமம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. திட்டக்காரர்களிடம் அவள் முடிவு என்ன என்று கேட்டேன். தனிப்பட்ட தகவல், வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்றார்கள். அப்படியென்றால் நீங்களே அவளைத் தேடுங்கள் என்றேன். அந்த மாநிலத்தில் எங்களுக்குப் பார்ட்னர் இல்லை என்று பதில் வந்தது.

தலைவி அவள் நம்பருக்கு இன்னும் போட்டுப் பார்க்கிறார். ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது. கேம்பிலிருந்து கள்ளக்குறிச்சிப் பக்கம் போனவர்கள் யார் போன் செய்தாலும், முதலில் அவளைப் பற்றித்தான் கேட்கிறாராம்.